உள்ளேன் ஐயா

செமோர், தோட்டப் பள்ளிக்கூடம்
18 பிப்ரவரி 1943

அன்புள்ளவருக்கு,

நீங்கள் தைப்பிங் போய் இன்றோடு ஐந்து வாரம். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி கூட வரவில்லை. ஸ்டேஷன் போர்ட்டரிடம் விசாரித்தால், "சாரு நல்லா இருக்காருக்கா, ஜப்பான் பாஷ படிக்கிறாரு, நேரம் இருக்காதுலா" என்கிறான். கட்டின பெண்டாட்டிக்கு எழுத நேரமில்லாதபடி அப்படி என்ன பாஷையோ தெரியவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்களாம். அதனால் இதையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் முன்னால் உங்கள் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழாம் வாய்ப்பாட்டுக்காக அந்தப் பையன் பத்துமலைக்கு அது ஒன்பதாவது அடி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டை அவன் முதுகில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதற்காக மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்து, நான்காம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் போவதா? வாத்தியார்களுக்கு ஜப்பான் பாஷை வகுப்பு என்று உத்தரவு வந்ததை நானே தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வாயால்தான் கேட்டேன்.

பள்ளிக்கூடம் நடக்கிறது. நீங்கள் எடுத்த பெரிய வகுப்பையும் என் சின்ன வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து நான் ஒருத்தியே பார்க்கிறேன். மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். சாக்குக்கட்டி தீர்ந்துபோய், ஆற்று மணலைத் தரையில் பரப்பி விரலால் எழுதுகிறோம். காலையில் எல்லாரும் ஜப்பான் இருக்கிற திசை பார்த்துக் குனிந்து கும்பிட்டு, அர்த்தம் தெரியாத பாட்டு ஒன்றைப் பாடுகிறோம். மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றோடு என்ன பாட்டு வரும், நீங்களே சொல்லுங்கள்.

பத்துமலை இரண்டு வாரம் வரவில்லை. வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய் அவன் அம்மா இருளாயியிடம் கேட்டேன். "படிப்பு ஏறலன்னா வுட்ருங்க டீச்சரம்மா, புல்லு வெட்டியாவது பொழைச்சுக்குவான்" என்றாள். அவள் ரப்பர்ப் பால் வெட்டுகிற ஓடைப் பக்கத்து நிரைகளுக்கு அவனோடு நடந்து போனேன். அங்கே நிரைக்கு ஏழு மரம். ஆறு நிரைக்கு எத்தனை மரம் என்று கேட்டேன். யோசிக்காமல் நாற்பத்திரண்டு என்றான். ஏழாறு எத்தனை என்றதும் வாயை மூடிக்கொண்டான். இரண்டும் ஒரே கணக்குதான் என்று சொன்னபோது அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குத்திக் காட்ட எழுதவில்லை. உண்மையாகவே நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜப்பான் வார்த்தைகள் கற்றுக்கொடுக்கிறாயா என்று கிராணி நச்சரிக்கிறார். கொஞ்சம் எழுதி அனுப்புங்கள்.

மங்களம்


தைப்பிங்
2603 மார்ச் 6

மங்களத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம்.

கேட்ட வார்த்தைகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒன்று முதல் பத்து வரை எண்கள். தண்ணீருக்கு மிசு, சோற்றுக்கு கோஹான், நோய்க்கு பியோக்கி. பலமுறை சொல்ல வைத்து மனப்பாடம் ஆக்கு.

இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்ததை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் வகுப்புச் சத்தம் பால் ஸ்டோர் வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். யுத்தத்துக்கு முன் வந்த இன்ஸ்பெக்டர், கிந்தா வட்டாரத்தில் இப்படி ஒரு தோட்டப் பள்ளியைப் பார்த்ததில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயரை வாங்க எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. மரத்தை எண்ணிக் கணக்குப் போடுவது நல்லதுதான். நாளைக்குப் பரீட்சையில் மரம் நிற்காது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. முதல் மணி அடித்ததும் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடு. பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் "உள்ளேன் ஐயா" வந்துவிட வேண்டும். ஒருவன் தாமதித்தாலும் மறுபடி முதலிலிருந்து கூப்பிடு. இத்தனை வருஷம் நான் அவர்களுக்குக் கொடுத்ததில் மிஞ்சி நிற்பது அது ஒன்றுதான் என்றாலும் எனக்குச் சம்மதம்.

இடது காது கொஞ்ச நாளாய் மந்தமாக இருக்கிறது. குளித்ததில் தண்ணீர் போயிருக்கும்.

ஐயாவு


செமோர்
29 மார்ச் 1943

அன்புள்ளவருக்கு,

2603 என்று போட்டிருந்தீர்கள். நான் அறுநூற்று அறுபது வருஷம் கழித்துப் பார்த்துத்தான் இந்த மார்ச் என்று தெரிந்துகொண்டேன்.

காதில் தண்ணீர் என்கிறீர்கள். வாளியில் மொண்டு தலையில் ஊற்றுகிற மனுஷருக்கு ஒரு காதில் மட்டும் எப்படித் தண்ணீர் போகும்? பதினோரு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். என்ன என்று எழுதுங்கள்.

நீங்கள் சொன்னபடி பெயர் கூப்பிடுகிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பட்டாசு வெடித்த மாதிரி பதில் வருகிறது. "அம்மா என்று சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். வாய் வரவில்லை, எனக்கும் "உள்ளேன் ஐயா" தான்.

ஜப்பான் வார்த்தைகளை வைத்து ஒரு கூத்து நடந்தது. எனக்கும் இந்தப் பாஷை தெரியாது, உங்களோடு சேர்ந்து நானும் படிக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தெரிந்தவர்கள் நான் கேட்காமலேயே சொல்லலாம் என்றும் சொன்னேன். ஏழு என்பதற்கு நான் எட்டின் வார்த்தையைச் சொல்லிவிட, பின்னால் இருந்து மெதுவாக ஒரு குரல், "டீச்சரம்மா, அது சிச்சி" என்றது. பத்துமலை. சொல்லிவிட்டு முதுகைக் குறுக்கிக்கொண்டான். நான் மணலில் என் எழுத்தை அழித்துவிட்டு அவன் சொன்னதை எழுதினேன். அன்று மத்தியானம் வரை அவன் ஒன்பது தடவை கை தூக்கினான். ஐந்து தப்பு. அதனால் என்ன?

ராமையாவும் பிச்சைமுத்துவும் இப்போது அவன் பக்கத்தில் உட்கார இடம் பிடிக்கிறார்கள்.

மங்களம்


தைப்பிங்
2603 ஏப்ரல் 17

மங்களம்,

காதில் தண்ணீர் போகவில்லை. அறை விழுந்தது.

எங்கள் வகுப்பில் நாற்பது வாத்தியார்கள். தமிழ், மலாய், சீனம் எல்லாரும் இருக்கிறோம். தலை நரைத்தவர்களும் உண்டு. பாடம் எடுத்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். உட்கார் என்பதற்கும் எழுந்திரு என்பதற்கும் எனக்கு வார்த்தை மாறிவிட்டது. எல்லார் முன்னாலும் அறைந்தான். பிறகு மறுபடி சொல்லச் சொன்னான். முந்தின ராத்திரி மனப்பாடம் செய்த இருபது வார்த்தையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் பெயரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாவது அறை விழுந்தது. அதற்கப்புறம் அவன் வகுப்புக்குள் வந்தாலே முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். நாற்பது பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். குண்டூசி விழுந்தால் கேட்கும்.

இதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் இத்தனை நாள்.

சாயங்கால வகுப்புக்கு ஓனோ என்று ஒரு கிழவர் வருகிறார். அவர் ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தவராம். யாருக்கு வராதோ அவரைத்தான் முதலில் கேட்பார். கேட்டுவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். ஜன்னல் பக்கம் போய் வெளியே மழையைப் பார்ப்பார். எத்தனை நேரம் ஆனாலும் திரும்ப மாட்டார். அவர் முகம் அந்தப் பக்கம் இருக்கும்போது எனக்கு வார்த்தை ஒவ்வொன்றாய் வருகிறது. சொல்லி முடித்ததும் திரும்பி, சரியாக இருந்த பாகத்தை மட்டும் ஒரு தடவை சொல்வார். மீதியை நானே திருத்திக்கொள்கிறேன். ஒரே பாஷை, ஒரே மக்குத் தலை. காலையில் ஒன்றும் ஏறுவதில்லை, சாயங்காலம் ஏறுகிறது.

பத்துமலைக்கு நான் மக்கு என்று பெயர் வைத்திருந்தேன். பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வகுப்பில் யாரும் சொல்லக் கூடாது என்று நான் எழுதியதாகச் சொல். வேண்டாம், நீ சொன்னதாகவே இருக்கட்டும். நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

பிரம்பை நீ பிடுங்கியது சரி.

ஐயாவு


செமோர்
9 மே 1943

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கடைசி வரியை நாலு தடவை படித்தேன். அதைப் பற்றி நேரில் பேசலாம், இப்போது வேறு அவசரம்.

சியாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, வீடு என்று ஆள் சேர்க்கிற தண்டல் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். போன மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இப்போது யாரும் தானாகப் போக முன்வருவதில்லை. அதனால் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் பட்டியல் கேட்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டையும் ஆபீசில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறார் கிராணி.

போன வருஷம் நீங்கள் செய்தது ஞாபகம் இருக்கிறதா? வேலைக்காரர்களுக்குத்தான் அரிசி, பதினாறு ஆனால்தான் செக்ரோல் என்கிற வேலையாள் பட்டியலில் பெயர் ஏறும் என்றார்கள். பத்துமலை, ராமையா, பிச்சைமுத்து மூன்று பேருக்கும் பதிவேட்டில் வயதைப் பதினாறு என்று மாற்றி எழுதி, நீங்களே ஆபீசுக்குக் கூட்டிப் போனீர்கள். அந்த அரிசியில்தான் மூன்று குடும்பமும் உயிர் பிழைத்தது. உங்கள் கையெழுத்திலேயே நல்ல கையெழுத்து அதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். இப்போது அதே கையெழுத்து பயமாக இருக்கிறது. பத்துமலைக்குப் பதின்மூன்று. பிச்சைமுத்துவுக்குப் பன்னிரண்டு கூட முடியவில்லை.

பழைய வயதைத் திருப்பி எழுதட்டுமா? தாளையே கிழித்துவிட்டுக் கரையான் அரித்தது என்று சொல்லட்டுமா? அடுத்த திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு வரி எழுதுங்கள்.

மங்களம்


தைப்பிங்
2603 மே 13

மங்களம்,

பதிவேட்டில் கை வைக்காதே. அடித்தல் திருத்தல் தெரிந்தால் உன்னைத்தான் பிடிப்பார்கள். இங்கே பட்டியலைத் திருத்திய ஒருவரைப் பிடித்துப் போனார்கள், இன்னும் திரும்பவில்லை. பள்ளியில் படிக்கிறவர்களை எடுப்பதில்லை என்று ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயப்படாதே. உள்ளபடியே கொடுத்துவிடு.

ஜூன் கடைசியில் வகுப்பு முடிந்துவிடும். வந்துவிடுவேன்.

ஐயாவு


செமோர்
11 ஜூன் 1943

நீங்கள் சொன்னபடி பதிவேட்டை உள்ளபடியே கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்துப் பேசியே பழகினவள், இந்த ஒரு தடவை சொன்னதைக் கேட்டேன்.

புதன்கிழமை விடியும்போது லாரி வந்தது. இரண்டு சோல்ஜர்களும் கிராணியும். சேதி முன்பே கசிந்திருந்ததால் தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்துவிட்டார்கள். மூன்று பேரும் பால் ஸ்டோருக்குப் பின்னால், காலிச் சாக்குகளுக்கு அடியில் இருந்தார்கள். "என்ன ஆனாலும் வாயத் தொறக்கக் கூடாதுடா" என்று இருளாயி பத்துமலை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். லயம் முழுக்கத் தேடிவிட்டார்கள். கிடைக்கவில்லை. சோல்ஜர்கள் லாரியில் ஏறப் போனார்கள்.

அப்போது கிராணி பள்ளிக்கூட மணியை அடிக்கச் சொன்னார். வாசலில் நின்று, உங்கள் பதிவேட்டை விரித்து, நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே பெயர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பெயர், இரண்டாம் பெயர் எல்லாம் வேறு பிள்ளைகள். முற்றத்தில் நின்றவர்கள் பதில் சொன்னார்கள். ஆறாவது, பத்துமலை.

"உள்ளேன் ஐயா."

சாக்குக்கு அடியிலிருந்து வந்தது. கிராணி வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது. இருளாயி என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சோல்ஜர்கள் போய்ச் சாக்கைத் தூக்கியதும் மற்ற இரண்டு பேரும் அகப்பட்டார்கள்.

உங்கள் மேல் பழி போட்டுவிட்டு நான் தூங்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் போன பிறகு ஐந்து மாதம் தினமும் அதே மாதிரி பெயர் கூப்பிட்டது நான். பட்டாசு மாதிரி பதில் வருகிறது என்று பெருமையாக எழுதினதும் நான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், ஜப்பான் வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். கூப்பிடுகிறவன் யார் என்று பார்த்துப் பதில் சொல் என்பதை யாருமே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈப்போவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். திங்கட்கிழமை ரயில். நான் போய்ப் பார்த்தேன், உள்ளே விடவில்லை. உங்களுக்கு அவர்கள் பாஷை தெரியும். ஏதாவது செய்யுங்கள்.

மங்களம்


ஈப்போ
14 ஜூன் 1943

மங்களம்,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது பிச்சைமுத்து. அவனுக்கு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடு.

ஓனோ வாத்தியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி வெகு நேரம் நின்றார். பிறகு பயணச் சீட்டும் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். நேற்று இங்கே வந்து அதிகாரியைப் பார்த்தேன். பதிவேட்டு வயது பொய், எழுதியது நான், தண்டனை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவன் காகிதத்தைப் பார்த்து, எனக்கு வேண்டியது எண்ணிக்கை என்றான். எண்ணிக்கை குறையாமல் இருந்தால் சரியா என்று கேட்டேன். ஒருவனை அனுப்பிவிட்டு அவன் இடத்தில் நான் ஏறலாம், பாஷை தெரிந்த ஆள் உபயோகப்படும் என்றான். ஒருவன்தான். மூன்று பேருக்கு நான் ஒருத்தன்.

கொட்டகைக்குள் போய் அவர்கள் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்து நின்று கை கட்டினார்கள். உட்காரச் சொன்னேன். யாரை அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பத்துமலை சொன்னான்: "பிச்சமுத்துவ அனுப்புங்க சார். அவனுக்கு அப்பா இல்ல, தங்கச்சி ரெண்டு இருக்கு. நான் வாயத் தொறந்ததாலதான் அவனும் மாட்டுனான்." பிறகு பயந்துபோய், "டீச்சரம்மா சொல்லிருக்காங்க சார், தெரிஞ்சா கேக்காமயே சொல்லலாம்னு" என்றான். ராமையாவும் தலையை ஆட்டினான்.

அவன் வாய் திறந்தது அவன் குற்றமில்லை, என் குற்றம் என்று சொன்னேன். மக்கு என்று கூப்பிட்டதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவன் பிச்சைமுத்துவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன். இந்தத் தடவை சொல்லாமல் போகவில்லை, சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஜனவரியில் அப்படிப் போனதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தைச் சொல்லத் தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

ராமையா வீட்டிலும் இருளாயியிடமும் சொல், நான் கூட இருக்கிறேன் என்று.

ஐயாவு


சியாம்
ஜனவரி 1944

மங்களம்,

இதை யார் முன்னாலும் சத்தமாக வாசிக்காதே. தனியாகப் படி.

தைப்பிங்கைச் சேர்ந்த ஆஸ்பத்திரி டிரசர் ஒருவரை நோயாளி என்று ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர் காலில் சுற்றிய துணிக்குள் இது வருகிறது.

ராமையா உயிரோடு இருக்கிறான். காலில் புண், ஆனால் நடக்கிறான். நான் இருக்கிறேன்.

பத்துமலை செப்டம்பரில் போய்விட்டான். மழையில் காலரா வந்தது. எங்கள் கொட்டகையில் நாற்பத்தாறு பேர் இருந்தோம், பதினேழு பேர் மிஞ்சினோம். அவனுக்கு ஒன்றரை நாள்தான். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் பேசினான். என்ன பேசினான் என்பதை எழுத முடியவில்லை, எழுதவும் கூடாது. அது அவன் அம்மாவுக்கு உரியது. நான் வந்து என் வாயால் இருளாயியிடம் சொல்ல வேண்டும். அதுவரை நீ அவளிடம் ஒன்றும் சொல்லாதே. நான் செய்த காரியத்துக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற கடமையையாவது எனக்கு விட்டு வை.

இங்கேயும் வகுப்பு நடத்தினேன். நம்பமாட்டாய். வேலை முடிந்து வந்து, கூழுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில். தண்ணீர், நோய், கல் கனம், கை வலி, இவற்றை அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். சரியாகச் சொன்னவனுக்குச் சில சமயம் அடி குறைந்தது. நாற்பது வயது ஆட்களும் படித்தார்கள். யாரையும் நான் வரிசையாகக் கூப்பிடவில்லை. வராதவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். பத்துமலைதான் எனக்கு உதவி வாத்தியார். பெரியவர்களுக்கு வெட்கம், என்னிடம் கேட்க மாட்டார்கள், அவனிடம் கேட்பார்கள். அவன் கல்லை அடுக்கி எண் சொல்லிக்கொடுப்பான். அவனிடமிருந்தும் உன்னிடமிருந்தும் திருடித்தான் நான் இங்கே வாத்தியாராக இருந்தேன். பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் செய்தது கங்காணி வேலை.

பாதை போட்டு முடிந்தது. ஆனாலும் விடவில்லை. மரம் வெட்டச் சொல்கிறார்கள். நான் திரும்பி வருவேன், இருளாயியிடம் சொல்ல வேண்டியது இருப்பதால்.

ஐயாவு


செமோர்
2 ஏப்ரல் 1944

அன்புள்ளவருக்கு,

இதை யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று தெரியவில்லை. எழுதி வைக்கிறேன், வழி கிடைக்கும்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு மேல் தினமும் பொழுது விடியும்போது பயந்துகொண்டே எழுந்தேன். ராமையா வீட்டில் சொன்னேன், அவன் அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார்.

டிரசர் வந்தது பகலில், பள்ளிக்கூடம் நடக்கும்போது. கால் நொண்டிக்கொண்டு வருகிற ஆளை லயத்திலிருந்தே பார்த்துவிட்டு இருளாயி ஓடி வந்தாள். அவர் கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். "படிங்க டீச்சரம்மா" என்றாள். என்ன இருக்கும் என்று தெரியாமல் சத்தமாகவே ஆரம்பித்துவிட்டேன். "இதை யார் முன்னாலும்" என்றதும் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். சார் நலமாக இருக்கிறார், ராமையா காலில் புண் என்றேன். "எம்மவன் பேரு அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறது என்றேன். டிரசருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போய்விட்டாள். நான் பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். அவனுக்காக அழக்கூட என்னால் முடியவில்லை, நாலு வாய்க்கால் தள்ளி அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்.

உங்கள் பேச்சை இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் என் பெட்டியில் பூட்டி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வருகிறது. இது எனக்குச் சின்னத் தண்டனை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க டீச்சரம்மா. நீங்க படிச்சா பாதியில நிறுத்திப்புடுறீங்க. நானே படிச்சுக்கிறேன்."

என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வாத்தியாரிடம் வந்து ஒருத்தி படிப்புக் கேட்கும்போது, வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

நான்கு வாரமாக வருகிறாள். அ, ஆ என்று தொடங்கினேன், வேண்டாம் என்றாள். மகன் பெயரில்தான் தொடங்கினோம். மணலில் எழுதுகிறாள். ரப்பர்ப் பால் காய்ந்த விரல், உளி பிடிக்கிற கை, அதனால் கோடு ஆழமாக விழுகிறது. கடைசி எழுத்தான 'லை'யின் வளைவு மட்டும் இரண்டு நாள் வரவில்லை. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வந்துவிட்டது. இப்போது உங்கள் பெயரும் என் பெயரும் படிக்கிறாள். நேற்று அரிசிச் சாக்கில் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தாள்.

நான் இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. மெதுவாகப் போகலாம் என்றால் கேட்பதில்லை. அந்தக் கடிதத்தை என்னிடம் கேட்கும் நாளில் நான் மறைக்க மாட்டேன், எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவள் மகன் என்ன பேசினான் என்பது அதில் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது. அதற்குள் வந்துவிடுங்கள். அவள் வேகமாகப் படிக்கிறாள்.

மங்களம்